வட சென்னையிலிருந்து விளைநிலம் வாங்க: பொன்னேரியா, ஊத்துக்கோட்டையா, திருத்தணியா, எல்லைக்கு அப்பாலா?

துறைமுகத்திலோ ரயில்வேயிலோ பணி ஓய்வு பெற்றபோது வந்த தொகை, தண்டையார்பேட்டையில் பூர்வீக வீட்டின் பங்கை விற்று வந்த தொகை, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிச் சேர்ந்த தொகை என்று எந்த வழியில் வந்ததானாலும், முப்பது நாற்பது லட்சம் கைக்கு வந்தவுடன் நம் பக்கத்தில் பலருக்கும் ஒரே ஆசைதான் முளைக்கிறது. வடக்கே போய் ஒரு ஏக்கர் நிலம் வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. கர்நாடகத்தில் 2020 வரை விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கத் தடை இருந்தது. இங்கே வங்கி ஊழியரும் வாங்கலாம், காசிமேட்டு மீன் வியாபாரியும் வாங்கலாம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்ற நில உச்சவரம்பு நம்மில் யாரையும் தொடப்போவதில்லை.

எங்கே வாங்குவது என்பதில்தான் சிக்கல். நம்மவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் நான்கு பக்கங்களில். புறநகர் ரயில் பாதையை ஒட்டிய மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஒன்று. செங்குன்றம் வழியாகப் போகும் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை இன்னொன்று. மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டு. பிறகு ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடா, சத்தியவேடு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உண்மையாகவே பயிர் செய்யவோ மாடு வளர்க்கவோ நினைப்பவர் ரயில் பாதையை விட்டுவிட்டு மேற்கே நகர வேண்டும். விலை ஏறும் என்று காத்திருப்பதற்காக வாங்குபவர் ரயில் பாதையிலேயே இருக்கலாம். ஆனால் அவர் தன்னை விவசாயி என்று நினைத்துக்கொண்டு மோட்டாருக்கும் வேலிக்கும் பணம் கொட்ட வேண்டாம்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நல்ல நஞ்சையில் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 30 மூட்டை நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025–26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 56,250 ரூபாய். உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், அறுவடை எந்திர வாடகை எல்லாம் போகப் பாதி நின்றால் பெரிய விஷயம். இரண்டு போகம் என்றால் ஆண்டுக்கு 60,000 என்று தாராளமாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏக்கர் 50 லட்சத்துக்கு வாங்கப்பட்டிருந்தால், போட்ட பணத்தை நெல்லில் எடுக்க 83 ஆண்டுகள் ஆகும். அதே விளைச்சல் உள்ள நிலம் 15 லட்சத்துக்குக் கிடைத்தால் 25 ஆண்டுகள். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்கள் கேட்டு வந்த விலையைப் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் ஆண்டு எண்ணிக்கை பெரிதாகப் பெரிதாக, விலைக்கும் விளைச்சலுக்கும் உறவு அறுந்துவிட்டது என்று பொருள். அங்கே நீங்கள் வாங்குவது மண்ணை அல்ல. வரப்போகும் சாலையை, வரப்போகும் தொழிற்பேட்டையை, தரகரின் வாயிலிருந்து வரும் வதந்தியை.

இந்த வதந்திகளில் சில உண்மையும்கூட. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சென்னை எல்லைச் சாலை ஏறக்குறைய 133 கி.மீ. நீளத்துக்கு அமைகிறது. சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலையும் அதே தச்சூரில் வந்து முடிகிறது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை ஏற்கெனவே ஓடுகிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிக்க அரசாணை வந்தது. மீஞ்சூரைப் புதுநகரமாக வளர்க்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இத்தனையும் பொன்னேரி வட்டத்தைச் சுற்றியே நிற்கின்றன. அதனால் அங்கே ஒரு ஏக்கரை யாரும் ஏக்கராகப் பார்ப்பதில்லை. ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு, சாலைக்குப் போக எத்தனை மனை தேறும் என்றுதான் வாய்க்கணக்குப் போடுகிறார்கள்.

மீஞ்சூரில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது பத்திரத்தில் தெரியாது, நாக்கில் தெரியும். ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடையில் நல்ல நிலத்தடி நீர் இருந்த பூமி இது. 1960களின் இறுதியிலிருந்து சென்னையின் குடிநீருக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளில் நீர் இறைக்கப்பட்டது. பாசனக் கிணறுகளும் சேர்ந்து இறைத்தன. நன்னீர் இறங்கிய இடத்தில் கடல் நீர் ஏறியது. 1969 வாக்கில் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்பு, 1980களின் இறுதியில் 9 கி.மீ.க்குப் போயிற்று, பிறகு வந்த ஆய்வுகள் பத்தையும் தாண்டிய தூரத்தைக் காட்டுகின்றன. 1987இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. காட்டுப்பள்ளியில் 2010இல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ஆலையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, கடல் நீர் ஏறிய கிணற்றைக் காட்டி “நல்ல தண்ணீர் சார்” என்று ஒருவர் நிலம் விற்கிறார் என்றால், அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர் அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மண்ணையும் தண்ணீரையும் எங்கே பரிசோதிப்பது என்று அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் கவலை இல்லை. 3ஐத் தாண்டினால் நெல்லும் காய்கறியும் உங்களோடு சண்டை போடும். திரூர் ரகம் என்பதாலேயே உவரைத் தாங்கும் என்று நினைத்து நெல் விதை வாங்கிவிடாதீர்கள். உவர் தாங்கும் டி.ஆர்.ஒய். ரகங்கள் திருச்சியிலிருந்து வந்தவை, திரூரின் டி.கே.எம். ரகங்கள் வேறு.

பொன்னேரிக்கு மேற்கே, ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. மழை பெய்து ஏரி நிரம்பினால் மேல்மண்ணின் உப்பு கழுவப்பட்டு ஒரு போகம் ஒழுங்காக விளையும். பிரச்சினை விலைதான். பழவேற்காட்டுப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அழைத்துப் போனால், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அந்தச் சர்வே எண் வருகிறதா, பறவைகள் சரணாலயத்தின் எல்லை எங்கே என்று பார்த்த பிறகு பேச்சைத் தொடருங்கள். மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

கும்மிடிப்பூண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிப்காட்டை ஒட்டிய புஞ்சைகள் கிடங்குக்கும் லாரி நிறுத்தத்துக்கும் போகின்றன. விவசாயம் செய்ய நினைப்பவர் மாதர்பாக்கம் பக்கம் உள்ளே போனால் ஏரியை நம்பிய சில ஊர்கள் உண்டு. ரயில் வசதி மட்டும் பெரிய சாதகம்: கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஏறினால் கார் இல்லாமல் நிலத்தைப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். அறுபது வயதுக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. தொலைவில் வாங்கிய நிலம் இரண்டாம் ஆண்டே சீமைக் கருவேலத்துக்குப் போய்விடுகிறது.

நான் அதிகம் பேச விரும்புவது ஊத்துக்கோட்டை வட்டத்தைப் பற்றி. செங்குன்றத்திலிருந்து பஸ் உண்டு, ரயில் இல்லை. அந்த ஒரு குறைதான் பல காலம் விலையைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்று நினைக்கிறேன். கன்னிகைப்பேர், பெரியபாளையம் பக்கம் மல்லியும் கத்தரியும் பயிராகிக் கோயம்பேட்டுக்குப் போகின்றன. உள்ளே நெல்லும் வேர்க்கடலையும். ஆரணியாற்று மணல் படுகையை ஒட்டிய கிணறுகளில் இன்னும் இனிப்புத் தண்ணீர். கடல் தொலைவில் இருக்கிறது. சிறு நிலத்தில் பூ வைத்துக் குடும்பமே பறித்துக் கட்டி விற்கும் வீடுகளை அங்கே காணலாம். அரை ஏக்கர் மல்லியில் உழைப்பவருக்கு நெல்லைவிடக் கையில் காசு புரளும். ஆனால் விடிவதற்குள் பறிக்க ஆள் வேண்டும். வியாசர்பாடியில் குடியிருந்துகொண்டு மல்லித் தோட்டம் வைத்திருக்க முடியாது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது சாலை. சித்தூர்–தச்சூர் சாலைக்கு இந்த வட்டத்தில் முப்போகம் விளையும் வயல்கள் எடுக்கப்பட்டபோது விவசாயிகள் போராடினார்கள். சாலையை ஒட்டிய நிலம் என்று தரகர் சொல்வது சாலைக்குள்ளேயே போகும் நிலமாகவும் இருக்கலாம். இழப்பீட்டைப் பதிவான பத்திரங்களையும் வழிகாட்டி மதிப்பையும் வைத்துக் கணக்கிடுவார்கள்; நீங்கள் தரகரிடம் கொடுத்த தொகையை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது வெள்ளம். ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாறு பெருகும். கரையோர வயலில் அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீருக்குள் போகும். மூன்றாவது கிருஷ்ணா கால்வாய். கண்டலேறிலிருந்து 1996 முதல் வரும் நீர் ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயின்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டிக்குப் போகிறது. “கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது” என்று விலையில் ஒரு லட்சம் ஏற்றுவார்கள். அது சென்னைக்குக் குடிநீர். அதில் மோட்டாரை இறக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

விலையை உண்மையாகவே உயர்த்த வேண்டியது வேறொன்று: கிணற்றோடு வரும் இலவச விவசாய மின் இணைப்பு. புதிதாகப் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். இணைப்பு உள்ள நிலத்துக்குப் பக்கத்து நிலத்தைவிடக் கூடக் கொடுக்கலாம், தவறில்லை. அட்டை யார் பெயரில் இருக்கிறது, பங்காளிகள் எத்தனை பேர் அந்த ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கிறார்கள் என்று மட்டும் முன்பணத்துக்கு முன்பு கேட்க வேண்டும். “கிணற்றில் நாலில் ஒரு பாகம்” என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால், கோடையில் நாலு நாளைக்கு ஒரு முறைதான் உங்கள் வயலுக்குத் தண்ணீர்.

திருத்தணி, ராமகிருஷ்ணராஜுப்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் இன்னொரு உலகம். 1960இல்தான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. பத்திரங்களில் பழைய தெலுங்கு எழுத்தைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். மாவும் வேர்க்கடலையும் கரும்பும் பயிராகின்றன. கரும்பு திருவாலங்காட்டுக் கூட்டுறவு ஆலைக்குப் போகும். நான் சொன்ன கணக்கில் ஆண்டு எண்ணிக்கை குறைவாக வரும் நிலங்கள் நான்கு பக்கங்களிலும் இங்கேதான் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, பாறை. போர் போட்டுப் புகை வந்தது என்று கை உதறியவர்களின் கதை ஊருக்கு ஒன்று உண்டு. பள்ளிப்பட்டு நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். உள்ளூரில் நம்பிக்கையான ஒருவர், மாமனார் வீடோ சம்பந்தி வீடோ இருந்தால் மாந்தோப்பு வாங்கலாம். மா ஆண்டுக்குச் சில முறை பார்த்தாலும் பொறுத்துக்கொள்ளும். யாரும் இல்லாதவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

எல்லைக்கு அப்பால் விலை குறைவு என்ற பேச்சு சிறீ சிட்டி வருவதற்கு முந்தைய காலத்தது. சத்தியவேட்டிலும் தடாவிலும் தொழிற்சாலைகள் வந்தபிறகு அங்கேயும் மனைக் கணக்குதான். தெலுங்கு படிக்கத் தெரியாமல் அங்கே அடங்கலையும் பட்டாதார் புத்தகத்தையும் சரிபார்க்க முடியாது. அரசு ஏழைகளுக்கு ஒப்படைத்த நிலத்தை விற்க 1977ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது; அப்படிப்பட்ட நிலம் வெள்ளைத் தாள் ஒப்பந்தத்தில் கைமாறுவது உண்டு. உறவினர் அங்கே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மாட்டுக்காக நிலம் தேடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொடுங்கையூரிலும் திருவொற்றியூரிலும் தெருவில் மாடு விட்டால் மாநகராட்சி அபராதம் போடுகிறது. 2024இல் அதை 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நகரத்து மாடுகளை வெளியே கொண்டுபோகும் யோசனை புதிதல்ல. மாதவரம் பால் பண்ணை 1960களில் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். இப்போது மாடு வைத்திருப்பவர்கள் “மேய்ச்சல் நிலம் ஐந்து ஏக்கர் கிடைக்குமா” என்று கேட்டு வடக்கே போகிறார்கள். அமெரிக்காவில் அப்படிக் கேட்கலாம். அங்கே வேளாண்துறை ஆண்டுதோறும் ஆகஸ்டில் வட்டாரவாரியாக நில மதிப்பை வெளியிடுகிறது. 2025 கணக்கில் பயிர் நிலம் ஏக்கர் சராசரி 5,830 டாலர், மேய்ச்சல் நிலம் 1,920 டாலர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இங்கே மேய்ச்சல் நிலத்துக்குச் சந்தையே கிடையாது. மேய்க்கால் என்று பதிவேட்டில் இருப்பது புறம்போக்கு, ஊருக்குப் பொது. அதை விற்பவர் விற்கக் கூடாததை விற்கிறார். பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் பஞ்சாப் வழக்கு ஒன்றில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது.

அந்த மேய்க்காலும் சுருங்கி வருகிறது. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் ஊர் மாடுகள் மேய்ந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், கிராமத்தார் எதிர்த்தும், சிப்காட்டுக்குப் போய் டயர் தொழிற்சாலை வந்தது. பக்கத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. ஆகவே ஊரில் நாலு ஏக்கர் மேய்க்கால் இருக்கிறது, மாட்டை அங்கே விடலாம் என்று நம்பி நிலம் வாங்க வேண்டாம். பெரிய நிலமும் தேவையில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ–5 கம்பு நேப்பியர் புல் ஹெக்டேருக்கு ஆண்டில் 360 டன் தரும் என்கிறார்கள். ஏக்கருக்குச் சுமார் 145 டன். நம் கையில் அதில் பாதி வந்தால்கூட நாளைக்கு 200 கிலோ. மாட்டுக்கு 25 கிலோ என்றால் எட்டு மாட்டுக்குப் போதும். தண்ணீர் உள்ள ஒரு ஏக்கர், வறண்ட ஐந்து ஏக்கரைவிட மேல். ஊத்துக்கோட்டை வட்டம் இதிலும் முந்துகிறது. உவர் ஏறிய மீஞ்சூர்க் கிணற்றில் நேப்பியர் நட்டவர் கரணைக்குக் கொடுத்த காசையும் இழப்பார்.

பத்திர விஷயங்கள் எல்லோரும் சொல்வதுதான்: தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம். இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1892இல், இன்று பட்டியல் சாதியினர் எனப்படுவோருக்கு நிலம் ஒப்படைத்த பஞ்சமி நிலத் திட்டத்துக்கு விதை விழுந்தது. திருவள்ளூர் அதிலிருந்து 1997இல் பிரிந்தது. நிபந்தனையோடு ஒப்படைத்த அந்த நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால், எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய ‘அ’ பதிவேட்டைப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பத்து சென்ட், பதினைந்து சென்ட் ‘பண்ணை மனை’ என்று வெட்டி விற்பதையும் தொடாதீர்கள். நடுவில் வழி விட்டுக் கூறு போட்டால் அது அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு, 2016க்குப் பிறகு மறுபதிவுக்குத் திண்டாட வேண்டியிருக்கும்.

பதிவுச் செலவு முத்திரை, கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். திரும்ப விற்கும்போது வரி எப்படி என்பதில் நான்கு பக்கங்களும் வேறுபடுகின்றன. கிராமப்புற விளைநிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகராட்சி எல்லையிலிருந்து வான்வழித் தூரம் 8 கி.மீ.க்குள் இருந்தால் அது கிராமப்புறம் ஆகாது. கத்திவாக்கமும் மணலியும் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால், அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பக்க நிலங்களுக்கு இந்த 8 கி.மீ. தூரத்தை வரைபடத்தில் அளந்து பார்த்தே ஆக வேண்டும். சிறு ஊர்களுக்கு 2 கி.மீ. கணக்கு என்பதால் ஊத்துக்கோட்டையின் உள் கிராமங்கள் பெரும்பாலும் தப்பிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒரு முடிவுக்கு வரவில்லையென்றால் வாங்காமலே தொடங்கலாம். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு ஏக்கரை மார்கழியில் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போடுங்கள், சித்திரையில் அறுவடை. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து எவரும் எழுதித் தர மாட்டார்கள், வாய்ப்பேச்சாகத்தான் இருக்கும். ஒரு பருவத்துக்கு அது போதும். பங்குனி, சித்திரையில் அந்த ஊர்க் கிணறுகள் எத்தனை மணி நேரம் இறைக்கின்றன, கூலிக்கு ஆள் கிடைக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் உங்களால் செங்குன்றம் பஸ் ஏற முடிகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். எந்த நிலம் உண்மையாகவே விற்பனைக்கு வருகிறது, என்ன விலைக்கு முடிந்தது என்பதும் தரகர் இல்லாமலே டீக்கடையில் காதில் விழும்.